தூணில் எழுதும் தேதியை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்

தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மேடவாக்கத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெற்குப் பக்கம் மூன்று அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருப்பது தெரியும். நடுவில் இருப்பதைப் பொங்கலிலிருந்து எண்ணி வருகிறேன். துணி காயப்போட வரும் என் மனைவி, "இன்னைக்கு இன்னொண்ணு ஏறிடுச்சுங்க" என்பாள். சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு தளம். மழை இல்லாத வாரத்தில் ஏழே நாள்.

முப்பத்தொரு வருடம் சைட்டில் பொறியாளராக இருந்தவன் நான். கட்டடம் ஏறுகிற வேகத்தைவிட முட்டு, அதாவது கான்கிரீட் இறுகும்வரை தளத்தை அடியிலிருந்து தாங்கும் கால்கள், இறங்குகிற வேகம்தான் என் கண்ணில் முதலில் படும். மேலே கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போது கீழே எத்தனை தளத்தில் ஜாக்கி (இரும்பு முட்டு) நிற்கிறது என்று எண்ணுவது பழக்கமாகிவிட்டது. சில நாள் மூன்று தளத்தில் நிற்கும், சில நாள் இரண்டில். ஒரு நாள் ஒரே ஒரு தளத்தில்தான் நின்றது, அதற்கு மேலே கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயந்திரம்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கட்டடத்தில் தப்பு நடக்கிறது என்று அரை கிலோமீட்டர் தள்ளி நின்று சொல்வது நியாயமில்லை. முட்டுகளை எடுத்த அன்று அந்தத் தளம் எவ்வளவு இறுகியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே வீடு புக் செய்து மாதாமாதம் தவணை கட்டுகிறவர்களுக்கும் தெரியாது. மன்னிக்கவும், உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி செய்யுங்கள் என்று கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

வேகமாகக் கட்டுவதே பாவம் என்று நினைக்கும் ஆள் இல்லை நான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சவுக்குக் கட்டையும் மரப்பலகையும்தான். ஒரு தளம் போட்டு அடுத்த தளத்துக்குப் போக மூன்று நான்கு வாரம் ஆகும். அப்புறம் இரும்புத் தட்டு வந்தது, ஜாக்கி வந்தது, கான்கிரீட்டைக் கலந்தே கொண்டுவரும் ஆர்.எம்.சி. லாரி வந்தது, பம்ப் வந்தது. இப்போது அலுமினியம் ஷட்டரிங், அதாவது கான்கிரீட்டை ஊற்றும் அச்சுப் பலகைகள். அதைச் செய்த ஒரு கம்பெனியின் பெயரே நிலைத்துப்போய், சைட்டில் எல்லோரும் மைவான் என்கிறார்கள். சுவரையும் தளத்தையும் ஒரே நாளில் சேர்த்து ஊற்றிவிடலாம். பலகை ஒவ்வொன்றையும் ஒரு ஆளே தூக்கி, தளத்தில் விட்ட ஓட்டை வழியாக மேலே இருப்பவரிடம் கொடுத்துவிடுவார், கிரேன்கூட வேண்டாம். நன்றாகச் செய்தால் ஏழு நாளில் ஒரு தளம் என்பது ஒழுங்கான வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நன்றாகச் செய்தால் என்பதற்கு ஒரு பொருள் உண்டு. அந்த முறையில் பலகையை மட்டும் உருவி எடுக்கலாம், முட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்காகவே பலகை ஒரு செட் வாங்கினால் முட்டு மூன்று நான்கு தளத்துக்கு வாங்க வேண்டும். பலகை மேலே போய்விடும், முட்டு கீழேயே நின்று தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். முட்டுச் செட்டில் மிச்சம் பிடித்தால் ஏழு நாள் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

சீனாவில் 2021இல் சாங்ஷா நகரத்தில் பத்து மாடியை 29 மணி நேரத்துக்குள் நிறுத்தினார்கள். அந்த வீடியோ வாட்ஸாப்பில் எனக்கே பலமுறை வந்துவிட்டது. "அங்கே ஒரு நாளில் முடிக்கிறார்கள், இங்கே ஏன் முடியாது?" என்று கேட்கிறார்கள். அங்கே வந்து இறங்கியவை தொழிற்சாலையில் செய்து முடித்த எஃகுப் பெட்டிகள். அடுக்கி, விரித்து, போல்ட் போட்டு முறுக்கினார்கள். இறுகுவதற்குக் காத்திருக்க வேண்டிய பொருளே அதில் இல்லை. நம் ஊரில் வீடு கட்டுவது கான்கிரீட்டில். கான்கிரீட்டுக்கு நாள் வேண்டும்.

எத்தனை நாள் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 எழுதியே வைத்திருக்கிறது. தளத்தின் அடிப்பலகையை மூன்று நாளில் எடுக்கலாம், ஆனால் எடுத்தவுடன் முட்டுகளை மறுபடி நிறுத்திவிட வேண்டும். முட்டுகளையே எடுக்க வேண்டுமானால், தாங்கும் இடங்களுக்கு நடுவே நாலரை மீட்டர் வரை இருக்கும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இந்தக் கணக்கு சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. வேறு சிமெண்ட் என்றால் நாளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நம் சைட்டுகளில் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் அல்லவா இறங்குகிறது? அது முதல் வாரத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும்.

இந்த நாட்களை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பாரம். ஆறு அங்குலக் கனத்தில் ஐயாயிரம் சதுர அடித் தளம் ஒன்று, பீம் சேர்க்காமலே 170 டன்னுக்கு மேல் இருக்கும். ஊற்றிய அன்று அதற்குத் தன் காலில் நிற்கும் சக்தி துளியும் கிடையாது. முழுப் பாரமும் முட்டு வழியாகக் கீழ்த் தளத்தில் இறங்கும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ. கீழ்த் தளத்தை வடிவமைக்கும்போது ஆளும் கட்டிலும் பீரோவும் சேர்த்துப் புழக்கத்துக்காக வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. அதாவது, எல்லாம் கட்டி முடித்துக் குடிவந்த பிறகு நாற்பது ஐம்பது வருடத்தில் அந்தத் தளத்தின் மேல் வரக்கூடிய புழக்கப் பாரத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அது பிறந்த முதல் வாரத்திலேயே அதன் தலையில் ஏறுகிறது. ஏழாம் நாள் அதனிடம் இருப்பது முழுப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் இரண்டு மூன்று தளத்தில் முட்டு நிற்க வேண்டும், பாரத்தைப் பல தளங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஒரே தளத்தில் முட்டு நின்றால் அந்தப் பங்கு குறைந்துபோகிறது.

நான் வேலை கற்றுக்கொண்ட முதல் சைட்டில் ஒரு பழக்கம் இருந்தது. தூணுக்குப் பலகை பிரித்தவுடன் மேஸ்திரி காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து, கண் உயரத்தில் தேதியை எழுதுவார். 12.3 என்று கோணலாக இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு தேதி, சாக்கு சுற்றித் தண்ணீர் விடுவதை எப்போது நிறுத்தலாம் என்று. தளத்துக்கு அடியிலும் பெயிண்டில் எழுதுவோம், என்றைக்குப் போட்டது, என்றைக்கு முட்டு எடுக்கலாம் என்று. புதிதாக வந்த சித்தாள்கூட நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு சார்" என்று சொல்லிவிடுவார். ஒரு ரூபாய் சாக்பீஸ். அந்தத் தேதி எழுதியிருக்கிற இடத்தில் யாரும் ஜாக்கியைத் தட்டத் துணிய மாட்டார்கள்.

தேதி எழுதாத சைட்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். 1997இல், நான்கு மாடி வீடு ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. மூன்றாம் தளம் போட்டு ஐந்தாம் நாள் சென்ட்ரிங் மேஸ்திரி வந்து நின்றார். "சார், இருக்கிறதே ஒரு செட் பலகைதான். இதைப் பிரிச்சாத்தான் மேலே அடிக்க முடியும். வாடகை ஓடுது." ஆபீஸிலிருந்தும் அதே பேச்சு, பத்தாம் தேதிக்குள் அடுத்த தளம் போட வேண்டும் என்று. பிரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பால்கனி தளத்தோடு சேரும் இடத்தில் மேல்பக்கமாக, தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. நூல் பிடித்துப் பார்த்தோம், நுனி முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. அவசரமாக முட்டுகளை மறுபடி நிறுத்தினோம். கடைசியில் அந்தப் பால்கனியை உடைத்துத்தான் மறுபடி போட்டோம். கீழே யாரும் நிற்கவில்லை, அது கடவுள் புண்ணியம். மிச்சம் பிடித்தது ஒன்பது நாள், இழந்தது ஒன்றரை மாதம். அந்த விரிசலை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆபீஸில் இருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. எல்லாக் கயிறும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்தக் கயிறு இன்னும் தடித்துவிட்டது. வீடு வாங்குகிறவர் ஒவ்வொரு தளம் போட்டதும் ஒரு தவணை கட்ட வேண்டும் என்றுதான் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. எட்டாம் தளம் போட்டாகிவிட்டது, பணம் கட்டுங்கள் என்று கடிதம் வரும், வங்கியும் விடுவிக்கும். கவனியுங்கள், தளம் போட்டால் போதும், இறுக வேண்டியதில்லை. பம்ப் நின்ற அன்று பில் போடலாம். ஷட்டரிங் வாடகை நாள் கணக்கு, லேபர் கான்ட்ராக்ட் சதுர அடிக் கணக்கு, பில்டருக்கு வட்டி மாதக் கணக்கு. காத்திருப்பதற்குச் சம்பளம் கொடுப்பவர் இந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை.

சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது என்பதுதான் என் மனக்குறை. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம். வாங்குகிறவர்களின் பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னது, அதிலிருந்து எடுக்கப் பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தர வேண்டும் என்றது. தாமதமானால் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம் என்றது. வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்டி மூச்சு முட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும், என் தங்கை வீடும் அதில் ஒன்று. தாமதத்தைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவசரத்தைக் கேள்வி கேட்க ஒரு வரி எங்கேயாவது இருக்க வேண்டாமா? கட்டமைப்பில் குறை வந்தால் சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு பில்டர் பொறுப்பு என்கிறது சட்டம். இளம் தளத்தின் மேல் ஏறிய பாரம் அவ்வளவு சீக்கிரம் முகம் காட்டாது. தொய்வு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். டைல்ஸ் தூக்கும், கதவு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகக் கடல் காற்றும் ஈரமும் கம்பியைத் தொட்டு, துரு வெளியே வெடித்து வரும்போது எட்டு பத்து வருடம் ஓடியிருக்கும். அப்போது கேட்க யார் இருப்பார்கள்?

1973 மார்ச் 2ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்ததைக் கல்லூரியில் படித்தோம். கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 24ஆவது தளத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது 23ஆவது தளத்துக்கு அடியில் இருந்த முட்டுகளை எடுத்துவிட்டார்கள். கான்கிரீட் இன்னும் பலம் பிடிக்கவில்லை. தூண்கள் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வர, தளம் கீழே விழ, அது அடுத்ததை இழுக்க, உச்சியிலிருந்து தரை வரை கட்டடத்தின் ஒரு பகுதியே பிளந்துபோனது. 14 தொழிலாளர்கள் செத்தார்கள். சில நாள் பொறுத்திருந்தால் அது நடந்திருக்காது.

மௌலிவாக்கத்தை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயந்திரம், மழை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடி மடிந்து விழுந்தது, 61 பேர் போனார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே வேகம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, வடிவமைப்பிலிருந்து மேற்பார்வை வரை பல குறைகள் பேசப்பட்டன. நான் சொல்ல வருவது வேறு. விழுந்த பிறகுதான் எல்லோரும் தேதி தேடினோம். எந்தத் தளம் என்றைக்குப் போட்டது, எந்தக் கியூப் (பலம் சோதிக்க அதே கான்கிரீட்டில் வார்க்கும் கட்டி) எவ்வளவு தாங்கியது என்று. அந்தத் தேடல் கட்டடம் நிற்கும்போதே நடந்திருக்க வேண்டும். இன்றைக்கும் இப்படிப்பட்ட வேலையில் முட்டுக்கு அடியில் நிற்பவர்கள் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள். எந்த ஜாக்கியை எப்போது தட்ட வேண்டும் என்று யாரோ சொல்கிற ஒரு வார்த்தையை நம்பித்தான் தட்டுகிறார்கள்.

சரி, நான் கேட்பது என்ன?

ஒவ்வொரு திட்டத்தின் நிலவரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒழுங்குமுறைக் குழுமத்தின் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. இத்தனை சதவீதம் முடிந்தது, இத்தனை வீடு விற்றது என்று போடுகிறார்கள். அதே பக்கத்தில் தளவாரியாக ஒரு அட்டவணை கேளுங்கள். தளம் போட்ட தேதி, பலகை பிரித்த தேதி, முட்டு எடுத்த தேதி, 7 நாள் கியூப், 28 நாள் கியூப், எந்தச் சிமெண்ட், எத்தனை தளத்தில் முட்டு நின்றது, கையெழுத்துப் போட்ட பொறியாளர் யார். சைட்டில் இவை எல்லாமே ரெஜிஸ்டரில் இருக்க வேண்டியவைதான், புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை. ரெஜிஸ்டரை ஊர் பார்க்கும்படி திறந்து வைத்தால் போதும்.

கியூப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரிசோதனைக் கியூபுகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைக்கிறோம், தளமோ மேலே மே மாத வெயிலில் காய்கிறது. தொட்டிக் கியூபின் பலம் 25 என்று காட்டினால் தளத்தின் பலமும் 25 என்று அர்த்தமில்லை. அதனால் முட்டு எடுக்கும் முடிவுக்கு, அந்தத் தளத்தின் மேலேயே வைத்து, தளத்துக்கு விட்ட தண்ணீரையே விட்டு வளர்த்த கியூபை உடைத்துப் பார்க்க வேண்டும். நல்ல சைட்டுகளில் செய்கிறார்கள். அதைக் கட்டாயமாக்குங்கள். கியூபுக்கென்று தனியாக நல்ல கலவை அள்ளி வைத்த சைட்டையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதால், கியூப் எடுக்கும்போது வெளியாள் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) ஒரு வேண்டுகோள். உயரக் கட்டடம் என்று நீங்கள் வகுத்திருப்பது 18.30 மீட்டருக்கு மேற்பட்டவை. அவற்றுக்கெல்லாம் கட்டமைப்பு வரைபடத்தோடு முட்டு வரைபடம் ஒன்றையும் கேளுங்கள். எத்தனை நாள் சுழற்சி, எத்தனை தளத்தில் முட்டு, எப்போது எந்த வரிசையில் எடுப்பது என்று கட்டமைப்புப் பொறியாளரே கணக்குப் போட்டுக் கையெழுத்திடட்டும். ஏழு நாளில் போடுவேன் என்கிறவர் போடட்டும், ஐந்து நாளில் முடியும் என்று கணக்குக் காட்டினால் அதையும் செய்யட்டும். இப்போது பல சைட்டில் அந்தக் கணக்கைப் போடுவது ஷட்டரிங் கான்ட்ராக்டர், அதுவும் கையில் இருக்கும் ஜாக்கியின் எண்ணிக்கையை வைத்து.

தவணை விஷயத்தில்தான் எதிர்ப்பு அதிகம் வரும். தளத்துக்கான தவணையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பாதி, போட்ட அன்று. மீதி, 28 நாள் கியூப் ரிசல்ட் வந்த பிறகு, அந்த ரிசல்ட்டின் நகலோடு. பில்டருக்கு ஒரு மாதப் பணம் தள்ளிப்போகும், உண்மைதான். முதல் மாதம் மட்டும்தான் அந்த இறுக்கம். அப்புறம் ஒவ்வொரு மாதமும் பழைய தளத்தின் மீதி வந்துகொண்டே இருக்கும். வீடு வாங்குகிறவர் கையில் முதல்முறையாக அவர் வீட்டுக் கான்கிரீட்டைப் பற்றி ஒரு காகிதம் இருக்கும். அவருக்கு அது புரியாது என்று சொல்கிறார்கள். ஜாதகம் பார்க்கவும் பத்திரம் பார்க்கவும் ஆள் பிடிக்கிறவர்கள், இதைப் பார்க்கவும் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள்.

அட்டவணைக்கு ஒரு மாதிரிப் படிவம் நானே தயார் செய்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கம், தளத்துக்கு ஒரு வரி. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் அவர்கள் சைட்டில் நிரப்பிப் பார்த்தார்கள், ஒரு தளத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு எந்த நாள் வரச் சொன்னாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நேற்று அந்த நடுக் கட்டடத்தில் பதினேழாவது தளம் போட்டார்கள். கீழே இரண்டு தளத்தில் முட்டு நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
மேடவாக்கம், சென்னை